வீட்டுக்கொரு வழங்கி

எமது கல்லூரியன்னை யூபிலி விழாக் காணும் இந்நன்னாளில் அவளது பழம்பெருமையை எடுத்துரைப்பது இம்மலரில் எழுதுவோரின் மரபாகும். யாமும் அம்மரபைப் பின்பற்றவே எண்ணியிருந்தோம். ஆயின் மலர்க்குழுவினரோடு கூடிப் பழைய மலர்களைத் தேடிய சில கிழமைகள் எம் எண்ணத்தை வேறுபடுத்தின. சில ஆண்டுகளுக்குரிய மலர்கள் நூலகத்தில் இல்லை. ஆசிரியர் இல்லங்களிலும் இல்லை. ஒரு மலரை முழுவதும் படமெடுத்து வைத்திருந்த பழைய மாணவர் ஒருவரை அணுகினோம். அவர் அதனைத் தம் மடிக்கணினியில் மட்டும் வைத்திருந்தாராம். கணினி பழுதுற்றபோது மலரும் உடன்போயிற்றாம். தாளாக இருந்து ஒருமுறை அழிந்தது, படமாக மாறியபின் மறுமுறையும் அழிந்தது.

பெருமை பேசுதற்கு முன் அப்பெருமைக்குச் சான்றானவற்றைக் காத்தல் வேண்டும். அங்ஙனம் காத்தற்கு இக்காலத்தில் எளிய வழியொன்று உண்டு. நமக்குரிய எழுத்தையும் படத்தையும் நம் வீட்டிலேயே, உள்ளங்கையளவான கணினியொன்றில், நாமே ஒழுங்காகப் பேணலாம். அதனை நம்மில் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தமிழாசிரியருக்குக் கணினியில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவக்கூடும். ஏடு காத்தல் தமிழாசிரியரின் தொழிலே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடிப் பெற்று, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்திராவிடின் நம் வகுப்பறைகள் எவ்வளவு வறியனவாய் இருந்திருக்கும்! நம் தலைமுறையும் இழப்பை அறியாததன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய அழிவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தபோது, கையிற் கொள்ளத் தக்கதன்றிப் பிற யாவும் வீடுகளிலே கிடந்தன. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் பொருளன்று என்னும் பாடத்தை நாம் மிகுந்த விலை கொடுத்தன்றோ கற்றோம்?

நிற்க. இன்று நம்மவருட் பெரும்பாலார் தம் படங்களையும் கடிதங்களையும் 'முகில்' எனப்படும் சேமிப்பில் இட்டுவிட்டுக் கவலையற்றிருக்கின்றனர். முகில் என்பது வானத்தில் இல்லை. அது பிறநாட்டில், பிறருடைய கட்டடத்தில், பிறருடைய கணினியில் உள்ளது. இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முடிவுற்றன. கூகிள் ஒளிப்படச் சேவையில் அளவின்றி இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1ஆந் திகதியோடு நின்றது. வணிகர் தம் கடையை மூடுதலோ, விலையை மாற்றுதலோ குற்றமன்று. அடைக்கலம் கொடுத்த பொருளை வேண்டும்போது மீட்கும் வழி நம் கையில் இல்லாமையே குறை.

இதனை யாம் பட்டறிந்தோம். எந்தையார் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் பணியாற்றிய காலத்து எம் அன்னையாருக்கு எழுதிய 60 கடிதங்கள் வீட்டில் இருந்தன. 1995இல் அன்னையார் புடைவைகளை விட்டுவிட்டு அவற்றை எடுத்துச் சென்றார்கள். பின்னாளில் யாம் அவற்றைக் கைப்பேசியாற் படமெடுத்து முகிலில் இட்டோம்; இனி அச்சமில்லை என்றெண்ணி மூலங்களைத் தகரப்பெட்டியில் வைத்து மறந்தோம். கைப்பேசி இலக்கம் மாறியது, கடவுச்சொல் மறந்தது, கணக்கினுள் மீளப் புகும் வழி அடைபட்டது. எத்துணை முறை விண்ணப்பித்தும் பயனில்லை. பெட்டியைத் திறந்தபோது கறையான் முந்திவிட்டிருந்தது. 41 கடிதங்களே எஞ்சின. அன்னையாரிடம் அதனைச் சொன்ன மாலையை யாம் மறத்தற்கில்லை. "உன்னிடம் தந்தால் பத்திரம் எண்டு நினைச்சன் தம்பி" என்று மட்டும் சொன்னார்கள். எம்மை இவ்வழிக்குத் திருப்பியது அச்சொல்லே.

வழங்கி என்பது யாது? கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்கும் கணினியே வழங்கி. அதற்குத் திரையும் விசைப்பலகையும் வேண்டா. வீட்டு மூலையில் இரவும் பகலும் விழித்திருந்து, வீட்டாரின் கைப்பேசியும் மடிக்கணினியும் அனுப்பும் கோப்புகளை ஏற்று வைத்து, வேண்டுவார்க்குத் திருப்பிக் கொடுத்தலே அதன் பணி. இப்பணிக்குப் பெருங்கணினி தேவையில்லை. செயலி, நினைவகம், இணைப்பு வாயில்கள் யாவும் ஒரே பலகையில் அமைந்த ஒற்றைப்பலகைக் கணினியே போதும்.

இவற்றுட் புகழ்பெற்றது 'றாஸ்பெரி பை' என்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் பொருட்டு எபன் அப்ரன் முதலானோர் இதனை ஆக்கினர். 2012 பெப்ரவரி 29ஆந் திகதி 35 டொலர் விலையில் இது விற்பனைக்கு வந்தது. பள்ளிக்கென்று பிறந்த பொருள் இன்று ஆய்வுகூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றது.

வீட்டிலுள்ள பழைய மேசைக்கணினியையே வழங்கியாக்கலாகாதோ எனின், ஆக்கலாம், மின்கட்டணம் தடுக்கும். சராசரி 5 வாற்று உண்ணும் பலகை 24 மணிநேரமும் இயங்கினால் 30 நாளில் 3.6 அலகு மின்சாரமே செலவாகும். 60 வாற்று உண்ணும் மேசைக்கணினிக்கு அதே காலத்தில் 43.2 அலகு வேண்டும். அலகு ஏற ஏற வீதமும் ஏறும் நம் நாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஓயாது இயங்கவேண்டிய பொறிக்கு வேகத்தினும் சிற்றுணவே சிறப்பு.

இனி, எப்பலகையைத் தெரிவது? கடைக்காரர் முதலிற் காட்டுவது வேகத்தையே. யாம் முதலில் நோக்கவேண்டுவன வேறு மூன்று: வலையமைப்பு வாயில், தேக்ககத்தை இணைக்கும் வாயில், மென்பொருட் பராமரிப்பின் ஆயுள்.

சீரோ 2 என்னும் சிறுபலகை விலை குறைந்ததாயினும் அதில் 512 மெகாபைற் நினைவகமே உண்டு. கம்பிவழி வலையமைப்பு வாயிலும் இல்லை. மூன்றாம் தலைமுறைப் பலகையில் வலையமைப்பும் யூ.எஸ்.பி. வாயில்களும் ஒரே ஒடுங்கிய பாதையைப் பகிர்வதால் கோப்புகள் நெருக்குண்டு செல்லும். 2019இல் வந்த நான்காம் பலகையில் இக்குறை நீங்கியது. முழு வேகக் கம்பிவழி வாயிலும், விரைவான யூ.எஸ்.பி. 3 வாயில்கள் இரண்டும் அமைந்தன. 2023இல் வந்த ஐந்தாம் பலகை இன்னும் விரைவுடையது. ஆயின் அது 5 அம்பியர் தரும் மின்வழங்கியை வேண்டும். 3 அம்பியர் மட்டும் கொடுப்பின் யூ.எஸ்.பி. வாயில்களுக்குச் செல்லும் மின்னைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்விக்கும் விசிறியும் அதற்கு வேண்டும். கோப்பும் படமும் காக்கும் குடும்பத்திற்கு நான்காம் பலகையே சாலும் என்பது எம் கருத்து. கோப்பு மட்டுமெனின் 2 ஜிகாபைற் நினைவகம் போதும். படத்தொகுப்பையும் நடத்துவதாயின் 4 ஜிகாபைற் கொள்க.

பிற நாட்டார் செய்யும் பலகைகளும் உள. அவற்றுட் சில அதே விலைக்குக் கூடிய வலிமை தருவன. எனினும், வாங்குமுன் ஒன்று வினவுக: இதற்குரிய பணிசெயல் முறைமையை ஐந்தாண்டு கழித்தும் புதுப்பித்துத் தருவார் உளரோ? 2012இல் வெளிவந்த முதற் றாஸ்பெரிப் பலகைக்குப் பொருந்தும் முறைமை இன்றும் வெளியிடப்படுகின்றது. நெடுங்காலம் காத்தற்கென வாங்கும் பொருளுக்கு இதனினும் பெருந்தகுதி வேறில்லை.

பலகையினும் முதன்மையானது தேக்ககம். இங்கேதான் யாம் தவறினோம். தொடக்கத்தில் முறைமையையும் கடிதப் படங்களையும் ஒரே மெமரி காட்டில் வைத்தோம். மெமரி காட் அடிக்கடி எழுதித் தேயத்தக்கது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் உள்ளமைப்பே குலையவுங் கூடும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடெங்கும் மின் நின்றது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மின் மீண்டபோது எம் வழங்கி மீளவில்லை. நல்லூழாக, மூன்று கிழமைக்கு முன் ஒரு பிரதியை மைத்துனர் வீட்டில் வைத்திருந்தோம். 41 கடிதங்களும் பிழைத்தன. அன்றுதொட்டு யூ.எஸ்.பி. வாயிலிற் பொருந்தும் எஸ்.எஸ்.டி. தேக்ககத்தையே பயன்படுத்துகின்றோம். நான்காம் பலகை அதிலிருந்தே தொடங்கவல்லது. சுழலும் வன்தட்டை இணைப்போர் ஒன்றை மறவற்க: நான்காம் பலகையின் யூ.எஸ்.பி. வாயில்கள் நான்குஞ் சேர்ந்து 1.2 அம்பியரே தரும். ஆதலின் அத்தகைய வன்தட்டிற்குத் தனி மின்னூட்டம் வேண்டும்.

மின்தடைக்கும் வெப்பத்திற்கும் ஆயத்தஞ் செய்யாத வழங்கி நம் நாட்டில் நிலையாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டுக் கண்டவர் நாம். சிறிய மின்கலச் சேமிப்பொன்றைப் பலகைக்கும் ரவுட்டருக்கும் பொதுவாக வைத்தல் நன்று. நெடுந்தடையாயின் மின்கலம் தீருமுன் பொறியை முறைப்படி நிறுத்துதல் வேண்டும். செயலியின் வெப்பம் 80 பாகை செல்சியசை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைக்கும். எனவே கூரைத்தகட்டின் கீழும் அலமாரியினுள்ளும் வையாது, காற்றோட்டமுள்ள இடத்தில், அலுமினியக் கூட்டினுள் வைக்க. பல்லியும் எறும்பும் இளஞ்சூட்டை விரும்புவன என்பதையும் நினைவிற் கொள்க.

அமைக்கும் முறையை மாணாக்கரின் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுவாம். றாஸ்பெரி நிறுவனத்தார் இலவசமாகத் தரும் 'இமேஜர்' என்னும் நிரலை வேறொரு கணினியில் நிறுவி, திரை வேண்டாத 'லைற்' முறைமையைத் தேக்ககத்தில் எழுதுக. எழுதுமுன்னரே பயனர் பெயர், கடவுச்சொல், தொலைவிலிருந்து நுழையும் எஸ்.எஸ்.எச். அனுமதி ஆகியவற்றை அந்நிரலிலேயே குறிக்கலாம். முன்னாளில் எல்லாப் பலகைக்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. உலகறிந்த திறவுகோலால் பலர் வீடு திறந்து கிடந்தது. 2022 ஏப்ரலில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. நீங்களும் ஊரறிந்த சொல்லை இடற்க. பின்னர்ப் பலகையை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, அதற்கு மாறாத முகவரியொன்றை ரவுட்டரில் ஒதுக்கி, முறைமையைப் புதுப்பித்து, 'சம்பா' என்னும் மென்பொருளை நிறுவின், வீட்டிலுள்ள எல்லாக் கணினியும் அத்தேக்ககத்தைத் தம் கோப்புறைபோலக் காணும். ஈண்டுக் கூறிய மென்பொருள் யாவும் விலையின்றிக் கிடைப்பன. ஒரு விடுமுறை நாளின் முயற்சியே இதற்கு வேண்டுவது.

ஆயின், வழங்கியை இணையத்திற்கு நேரே திறந்துவைத்தல் தகாது. வெளியூரிலிருந்து அணுகவேண்டின் 'வயர்காட்' போன்ற மறைகுறி வழியை அமைத்து, அறிந்தோர் மட்டும் நுழையச் செய்க. அமைக்கும் ஆற்றல் வரும்வரை வீட்டினுள் மட்டும் பயன்படுத்துதலே அறிவுடைமை.

தமிழாசிரியர் என்ற முறையில் மற்றுமொன்று கூறுதல் எம் கடன். நம் நாட்டிற் பல்லாண்டு காலம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தட்டச்சுச் செய்தனர். அக்கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தோன்றாது, ஆங்கில எழுத்துகளின் குப்பையே தோன்றும். கோப்பு அழியாதிருந்தும் மொழி அழிந்தாற்போலாம். ஆதலின் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியே சேமிக்க. மாற்றியபின் ஒற்றும் கொம்பும் இடம் மாறியுள்ளனவோ என ஒருமுறை படித்துத் திருத்துக. கோப்பின் பெயரில் ஆண்டையும் பொருளையும் இடுக. 'புதியது 2' என்று பெயரிட்ட கோப்பை நம் பேரப்பிள்ளைகள் எவ்வாறு கண்டெடுப்பர்?

இதற்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. இத்தனை பாடு எதற்கு, பணங் கட்டிப் பெருநிறுவனத்திடம் ஒப்படைத்தால் அவர்கள் நம்மினும் நன்றாகக் காப்பார்களே என்பது முதலாவது. அதில் உண்மை உண்டு. அவர்களுடைய காவல் பெரியது; முகிலில் ஒரு பிரதி இருத்தலை யாம் மறுக்கவில்லை. அதுவே ஒரே பிரதியாய் இருத்தலைத்தான் மறுக்கின்றோம். வீட்டு வழங்கி மட்டும் என்ன அழியாததோ என்பது இரண்டாவது. அழியும். எம்முடையது அழிந்ததை மேலே கூறினோம். தீயும் வெள்ளமும் திருட்டும் வீட்டையும் விடா. எனவே ஒரு பிரதி வழங்கியில், ஒரு பிரதி தனி வன்தட்டில், ஒரு பிரதி வேற்றூரில் என மூன்றாக வைத்தலே முறை. மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் 'ஆர்சிங்க்' என்னும் நிரல் இரவுதோறும் இதனைத் தானே செய்யும். ஆண்டுக்கு இருமுறையேனும் பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்க. திறந்து பாராத பிரதி தகரப்பெட்டியிற் கிடந்த எம் கடிதங்களையே ஒக்கும்.

நம் முன்னோரும் இதனையே செய்தனர். ஏடு பழுதாகுமுன் வேறேட்டிற் பெயர்த்தெழுதி, ஒன்றை மடத்திலும் ஒன்றைப் புலவர் வீட்டிலுமாக வைத்தனர். சங்கநூல்கள் நம்மிடம் வந்தடைந்தது ஓலையின் வலிமையாலன்று. பெயர்த்தெழுதிய கைகளின் தொடர்ச்சியாலேயாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துப் பொதுவில் வைத்து அத்தொடர்ச்சியைப் பேணிவருகின்றனர். அவர்தம் பெரும்பணிக்கு வீட்டு வழங்கிகள் போட்டியல்ல, துணையாவன.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இந்த யூபிலி ஆண்டின் நினைவாக மூன்று சிறு வழங்கிகள் நிறுவப்படுக. ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். ஒன்று கொழும்புக் கிளையார் பொறுப்பில் இருக்கட்டும். ஒன்று கடல்கடந்து வாழும் பழைய மாணவர் இல்லமொன்றில் இருக்கட்டும். எஞ்சியுள்ள மலர்களையும், பரிசளிப்பு விழா அறிக்கைகளையும், விளையாட்டுக் குழுக்களின் படங்களையும் படியெடுத்து மூன்றிலும் வைப்போம். மூன்று நடுத்தரக் கைப்பேசிகளின் விலைக்குள் இது முடியக்கூடிய காரியம். அவற்றை அமைத்துக் காக்கும் பொறுப்பை உயர்வகுப்பு மாணவரிடம் ஒப்படைக்க. பாடநூலிற் படித்த வலையமைப்பைக் கையாற் செய்து பழகுவர்; படியெடுக்கும்போது தம் கல்லூரியின் வரலாற்றையும் படிப்பர். பலகை பழுதாகலாம், பொறுப்பை ஆண்டுதோறும் அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கும் வழக்கம் பழுதாகாதிருத்தல் வேண்டும். பழைய மாணவர் வீடுகளிலே தனித்தனியே கிடக்கும் மலர்களைத் தந்துதவுமாறும் இத்தருணத்தில் இரந்து கேட்கின்றோம். மூலத்தைத் தரவேண்டா, படமெடுக்க ஒருநாள் தந்தாற் போதும்.

எஞ்சிய 41 கடிதங்களும் இப்போது மூன்று வீடுகளில் உள்ளன. மாலைநேரங்களில் அன்னையார் கைப்பேசித் திரையில் அவற்றைப் பெரிதாக்கி வாசிக்கின்றார்கள். போன 19ஐப் பற்றி அவர்கள் எம்மிடம் கேட்பதில்லை, யாமும் சொல்வதில்லை. அடுத்த யூபிலி மலரை ஆக்கப்போகும் இளைஞர்க்கேனும் அத்தகைய மௌனம் வாராதிருப்பதாக.